நான்கு மணிக்குப் பிறகு தண்ணீர் இல்லை

'செக்கிங்' என்பது பேட்டரித் தொழிற்சாலையில் அவருக்கு வைத்த பெயர். ஓடிக்கொண்டிருக்கும் பெல்ட்டிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சோதனை மேசையில் வைப்பார். எதை எடுப்பார், எப்போது எடுப்பார் என்று மேஸ்திரிகளுக்குத் தெரியாது. தெரிந்துவிட்டால் அந்தச் சோதனையையே குப்பையில் போடலாம் என்பது அவருடைய கட்சி. தலை நரைக்கும்வரை தரக் கட்டுப்பாட்டுப் பிரிவிலேயே இருந்தார். தொழிற்சாலையை இழுத்து மூடியபோது வேலை போயிற்று; பெயர் மட்டும் கூடவே வீட்டுக்கு வந்தது.

சும்மா இருக்கத் தெரியாத மனிதர். குழாய்க்கு வாஷர் மாற்றினார், கதவுக்கு எண்ணெய் விட்டார், அதற்கு மேல் செய்ய ஒன்றும் கிடைக்காமல் அடுக்களைக்குள் வந்தார். மனைவி தன் அக்காவுக்கு ஃபோன் போட்டு அழாத குறையாகச் சொன்னாள்: “உப்பு டப்பா மூடிய எப்படித் திருகணும்னு எனக்கு கிளாஸ் எடுக்கறாருக்கா. இவரை எங்கயாவது சேத்து விடு. இல்லேன்னா நான் வந்து உன் இல்லத்துலயே சேந்துடுவேன்.”

அக்கா ஒரு தொண்டு நிறுவனத்தில் வார்டன். நடமாட முடியாத, கேட்பார் இல்லாத பெண்கள் முப்பது பேருக்கு மேல் இருக்கும் இல்லம் அவளுடைய பொறுப்பில் இருந்தது. அம்மா சீக்கிரமே போய்விட்டதால் தங்கையைப் படிக்க வைத்ததும் அவள்தான், கல்யாணம் பண்ணிக் கொடுத்ததும் அவள்தான். தனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை. இல்லத்துச் சாமான் அறைக்குப் பக்கத்தில் அவளுக்கு ஓர் அறை. கட்டில், இரும்பு அலமாரி, ஜன்னலில் துளசிச் செடி. அவள் போய்த் தலைமை அலுவலகத்தில் பேசினாள். 'தர உறுதிப் பிரிவு' என்று காகிதத்தில் மட்டும் இருந்த ஒன்றுக்கு ஆள் தேவைப்பட்டது. செக்கிங்குக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. பிரிவு என்பது அந்த நாற்காலிதான்.

நிறுவனத்துக்குப் பல ஊர்களில் இல்லங்கள். வருடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொன்றையும் தணிக்கை செய்ய வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்பே 'இன்ன தேதியில் வருகிறோம்' என்று கடிதம் போகும். போய்க் கேட்க வேண்டிய கேள்விகள் அச்சடித்துத் தயாராக இருந்தன. படுக்கை விரிப்பு சுத்தமாக உள்ளதா? ஆம், இல்லை. உணவு போதுமானதாக உள்ளதா? ஆம், இல்லை. முதல் சுற்றில் சொன்னபடியே செய்தார். எல்லா இடத்திலும் ஆம்.

மூன்றாவது இல்லத்தில், வெளிர் நீல விரிப்பு ஒன்றில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தடம் தெரிந்தது. அதே தடத்தை முந்தின வாரம் வேறோர் ஊரில் பார்த்த ஞாபகம். வெளியே வந்து அலுவலக வண்டியின் டிரைவரிடம் கேட்டார்.

டிரைவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சொன்னான்: “சார், அது ஆடிட் செட்டு. நீங்க வர்றதுக்கு முந்தின நாள் நான்தான் கொண்டாந்து இறக்குவேன். நீங்க கிளம்புனதும் சுருட்டி ஏத்திருவாங்க.”

“ஏத்தி?”

“அடுத்த ஊருக்குத்தான். இந்த வாட்டி நேரமில்ல சார், அதனால உங்க கூடவே டிக்கியில வந்துச்சு. நீங்க டீ குடிக்கறதுக்குள்ள விரிச்சுட்டாங்க.”

செக்கிங் அன்றே ஊர் திரும்பினார். மறுநாள் உட்கார்ந்து இயக்குநருக்கு நான்கு பக்கம் எழுதினார். இனி முன்னறிவிப்பு கிடையாது. ஆம், இல்லை என்று கேட்பது கிடையாது. ஊழியர்கள் பக்கத்தில் இல்லாமல், அங்கே வாழ்கிறவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும்; அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட வேண்டும். ஒரு குறை கண்ணில் பட்டால் அது ஏன் என்று கேட்க வேண்டும். கிடைக்கிற பதிலுக்கும் ஏன் என்று கேட்டு அடிவரைக்கும் போக வேண்டும். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் போய், சரியானதா என்று பார்க்க வேண்டும். பேட்டரிக்குச் செய்ததை மனிதருக்குச் செய்யக் கூடாதா என்று எழுதி, மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று அந்த வரியை மட்டும் அடித்துவிட்டார்.

இயக்குநரை எல்லோரும் மேடம் என்பார்கள். குரலை உயர்த்தாதவர். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை பேனாவைக் கூடத் தொடமாட்டார். “இப்படி ஒருத்தரைத்தான் நான் தேடிட்டு இருந்தேன்” என்றார். நன்கொடை தருகிறவர்களும் கொஞ்ச நாளாக, 'நீங்கள் சொல்வதை எப்படி நம்புவது' என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். புது முறைக்கு உடனே அனுமதி கிடைத்தது.

அதற்குப் பிறகு வந்த ஒரு வருடம்தான் செக்கிங்கின் வாழ்க்கையிலேயே நல்ல வருடம். அலுவலக வண்டியை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போனார். குளிக்கிற நேரத்தில் போய் நிற்பார், சாப்பாட்டு நேரத்தில் தட்டோடு வரிசையில் நிற்பார். ஆண்கள் இல்லத்தில் சக்கர நாற்காலிக்காரர்கள் கழிப்பறைக் கதவைச் சாத்தாமலே போய்வந்தார்கள். ஏன்? தாழ்ப்பாள் நிற்கிறவன் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. வருடக்கணக்காக யாருக்கும் தோன்றாத விஷயம், ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு முடிந்தது. குழந்தைகள் இல்லத்தில் சாயங்காலத்தில் பிள்ளைகள் மாடிக்குப் போகப் பயந்தார்கள். ஏன்? அணைந்துபோன பல்பை மாற்ற வேண்டியது யார் என்று இரண்டு பேருக்குள் தகராறு. அதுவும் தீர்ந்தது. ஊழியர்கள் முகம் சுளித்தார்கள். 'செக்கிங் கிளம்பிட்டாராம்' என்று ஊருக்கு ஊர் ஃபோன் பறந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் உப்பு டப்பாவின் பக்கம் போவதையும் விட்டுவிட்டார்.

அக்காவின் இல்லத்தை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் மேடத்திடம் போய், “அது என் மனைவியோட அக்கா. வேற யாரையாவது அனுப்புங்க” என்றார்.

“வேற யாரு இருக்கா? உங்க நேர்மைமேல எனக்கு சந்தேகமே இல்ல. போயிட்டு வாங்க.”

மனைவியும் விஷயத்தை எப்படியோ மோப்பம் பிடித்தாள். “அக்கா இடத்துக்குப் போறதா இருந்தா ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க.”

“சொல்லிட்டுப் போனா விருந்துக்குப் போறதும் அதுவும் ஒண்ணுதான்.”

“உங்க வாய்க்கு ஒரு பூட்டு போட்டா தேவல” என்று எழுந்து போனாள்.

ஒரு நாள் மதியம் போய் நின்றார். அக்காவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். “வாங்க தம்பி, ஒருவழியா எங்க ஞாபகம் வந்துச்சா? நல்லா பாருங்க, ஒரு மூலை விடாம பாருங்க” என்றாள். நீளமான கூடம், இரண்டு வரிசையில் கட்டில்கள், கொசு வலை அடித்த ஜன்னல்கள். தரை பளிச்சென்று இருந்தது. மூத்திர வாடை துளிக்கூட இல்லை. இந்த மாதிரி இல்லங்களில் எவ்வளவு கழுவினாலும் அந்த வாடை சுவரோடு ஊறிப்போயிருக்கும். செக்கிங் மனம் குளிர்ந்துபோய் அதை ஒரு சிறப்பாகவே குறித்துக்கொண்டார்.

சமையலறை, குளியலறை எல்லாம் பார்த்துவிட்டுப் பேச உட்கார்ந்தபோது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. ஜன்னலோரக் கட்டிலில், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன ஒரு பெண்மணி. ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். எல்லோருக்கும் அவர் டீச்சர். செக்கிங் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி என்று ஆரம்பித்தார். டீச்சர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். வார்டனம்மா தங்கம் என்றார். பிறகு கூடத்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“உங்க பையில தண்ணி பாட்டில் இருக்கா சார்?”

“இருக்கே. ஏன் டீச்சர்?”

“குடுங்களேன்.”

கொடுத்தார். நல்லபடியாக இருந்த கையால் பாட்டிலைப் பிடித்து, கழுத்தெல்லாம் வழிய வழிய, மூச்சு விடாமல் குடித்தார். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வார்டனம்மாகிட்ட சொல்லிடாதீங்க.”

“தண்ணி குடிச்சதையா?”

“நாலு மணிக்கு மேல குடிக்கக் கூடாது சார். இங்க அப்படித்தான்.”

அடுத்த கட்டிலிலும், அதற்கு அடுத்ததிலும் கேட்டார். அதே பதில். நாலு மணிக்கு டம்ளர்களை எல்லாம் எண்ணி அடுக்கி அலமாரியில் பூட்டிவிடுவார்கள். இருட்டுவதற்குள் சாப்பாடு, அதோடு ஒரு வாய்த் தண்ணீர், பிறகு விடிந்த பிறகுதான். கோடையிலும் அப்படித்தான். நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர்கள் சிலர். அழுக்குத் துணி இல்லாததற்கும், வாடை இல்லாததற்கும் காரணம் புரிந்தபோது, சிறப்பு என்று குறித்திருந்த வரியைச் செக்கிங் அடித்தார்.

அக்காவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். அவள் மறைக்கவில்லை.

“ஆமா, நிறுத்துனேன். ராத்திரிக்கு ஒரே ஒரு ஆயா தம்பி. இத்தனை பேரையும் அவ ஒருத்தி தூக்கித் துணி மாத்த முடியுமா? நனைஞ்ச துணியிலயே விடிய விடியக் கெடந்து முதுகெல்லாம் புண்ணாச்சு. ரெண்டு பேரு அதுலயே போய்ச் சேந்தாங்க. இன்னொரு ஆயா குடுங்கன்னு கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன். ஆபீசுல காதுலயே போட்டுக்கல. தாகத்துல கெடக்கறதா, புண்ணுல கெடக்கறதான்னு யோசிச்சேன். புண்ணு வேண்டாம்னு முடிவு பண்ணேன். நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?”

“எழுதித்தான் ஆகணும்க்கா” என்றார்.

“எழுதுங்க. ஆனா முழுசா எழுதுங்க. நான் தண்ணிய நிறுத்துனதையும் எழுதுங்க, அவங்க ஆள் குடுக்காததையும் எழுதுங்க.”

“அடிவரைக்கும் போய்த்தான் எழுதுவேன். அதுக்குத்தானே இந்த முறையே.”

வீட்டில் அன்று பெரிய ரகளை. “உங்களுக்கு வேலை வாங்கிக் குடுத்தவ அவ. எனக்கு அம்மா மாதிரி. அவ கழுத்துலயே கத்திய வைக்கப் போறீங்களா?” என்றாள் மனைவி. எழுதினால் இன்னொரு ஆயா வருவாள், அக்காவுக்கும் அதுதான் நல்லது என்று செக்கிங் சொன்னார். சொல்லும்போது அதை மனசார நம்பினார்.

அறிக்கையில் இரண்டு பகுதிகள் இருந்தன. நடந்தது என்ன என்பது ஒன்று. ஏன் நடந்தது என்பது இன்னொன்று. அதில் ஒவ்வொரு ஏனாக இறங்கி, தலைமை அலுவலகம் இரண்டாவது ஆயாவை மறுத்த இடத்தில் வந்து முடித்திருந்தார். மேடம் நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ரொம்பக் கஷ்டமா இருக்கு. தண்ணியப் போய்... இப்படி ஒண்ணு நம்ம இல்லத்துலயா?” அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. “உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணு. தணிக்கைங்கறது இல்லங்களைப் பத்தினது. தலைமை அலுவலகம் அதோட எல்லைக்குள்ள வராது. இந்த ரெண்டாவது பகுதிய எடுத்துடறேன். அதைத் தனியா பேசிக்கலாம்.”

“அதை எடுத்துட்டா மொதல் பகுதிக்கு அர்த்தமே மாறிடும் மேடம்.”

“பேசிக்கலாம்னுதானே சொல்றேன்.”

முதல் பகுதி மட்டும் அறங்காவலர்களுக்குப் போயிற்று. ஒரே வாரத்தில் அக்காவை வேலையிலிருந்து நீக்கினார்கள். இல்லவாசிகளுக்குத் தண்ணீர் கொடுக்காத வார்டன் என்று எல்லா இல்லங்களுக்கும் சுற்றறிக்கை போயிற்று. அறையை அன்று சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொன்னார்கள். பெட்டியோடும் துளசிச் செடியோடும் அவளுக்குப் போக்கிடம் ஒன்றே ஒன்றுதான். தங்கை வீடு, அதாவது செக்கிங்கின் வீடு.

அந்த மாதமே தலைமை அலுவலகத்தில் ஒரு கூட்டம். சொந்த உறவென்றும் பாராமல் உண்மையை வெளியே கொண்டுவந்தவர் என்று மேடம் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். பெயர் பொறித்த கண்ணாடிப் பலகை ஒன்றைக் கொடுத்தார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாமல் மேசை இழுப்பறையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு வந்தார். இரண்டாவது பகுதி என்ன ஆயிற்று என்று அன்றே கேட்டார். அடுத்த மாதமும் கேட்டார். “அது இருக்கு, அது இருக்கு” என்றார் மேடம்.

வீட்டில் அக்கா அவரோடு பேசவில்லை. கூடத்தில் பாய் விரித்துப் படுத்தாள். அவர் எழுவதற்குள் சுருட்டி வைத்துவிடுவாள். அவர் உள்ளே வந்தால் இவள் வெளியே போவாள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் தங்கையிடம் சொல்வாள்: “கேஸ் தீரப் போகுது, உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு.” அவர் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார். மனைவி இருவருக்கும் தனித்தனியாகச் சோறு போட்டாள். அவளும் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. வேறு இல்லங்களில் வேலை கேட்டு அக்கா ஏறி இறங்கினாள். சுற்றறிக்கை அவளுக்கு முன்னால் போயிருந்தது.

மூன்று மாதம் கழித்து செக்கிங் தன் முறைப்படி அந்த இல்லத்துக்குத் திரும்பப் போனார். புது வார்டன் படித்த, சுறுசுறுப்பான பெண். ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் மூடி போட்ட தண்ணீர்க் குடுவை. மேலே கட்டில் எண் எழுதி ஒட்டியிருந்தது. யார் எவ்வளவு குடித்தார்கள் என்று சுவரில் அட்டவணை. டீச்சர் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்ப வேண்டாம் என்று வந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், உள்ளே இருப்பவளுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னார்: “தண்ணிப் பிரச்சின அங்க தீந்துடுச்சு. குடுவையெல்லாம் வச்சிருக்காங்க.”

அடுக்களை வாசலில் அக்கா வந்து நின்றாள். இத்தனை நாளில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“எப்பப் போனீங்க, ஆடிட்டர் சார்?”

“மத்தியானம்.”

“ராத்திரி ஆயா எத்தனை பேரு?”

அதை அவர் கேட்காமலே வந்திருந்தார்.

“விடியறப்பப் போய்ப் பாருங்க. டீச்சரோட முதுகத் திருப்பிப் பாருங்க.”

விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனார். வாசல் கேட்டைத் தாண்டும்போதே வாடை வந்துவிட்டது. இரவு ஆயா, கண்ணெல்லாம் சிவந்து, கூடத்தின் அந்தக் கோடியில் ஒருத்திக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். இந்தக் கோடிக்கு வர இன்னும் வெகு நேரம் ஆகும். டீச்சர் விழித்துத்தான் இருந்தார்.

“இப்ப தண்ணி நெறையத் தர்றாங்க சார்” என்றார். “குடிக்கலேன்னா திட்டு விழுது, அட்டவணையில எழுதணுமாம். ராத்திரி ரெண்டு தடவ நனைஞ்சுடுது. கூப்பிட்டா அவ என்ன பண்ணுவா, பாவம்.”

ஆயாவை அழைத்து டீச்சரைத் திருப்பச் சொன்னார். இடுப்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போயிருந்தது. நடுவில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார்.

இந்தத் தடவை அறிக்கையில் ஒரே ஒரு பகுதிதான் எழுதினார்: இரண்டாவது ஆயா வேண்டும், உடனே வேண்டும். மேடம் ஒரு டேப்லெட் கணினியை அவர் பக்கம் நகர்த்தினார். தணிக்கை முறையை இன்னும் மேம்படுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு இல்லத்துக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண். அந்த இல்லத்துக்குத் தண்ணீர் என்ற தலைப்பில் முழு மதிப்பெண் வந்திருந்தது.

“புண்ணுக்கு மார்க் எங்க மேடம்?”

“அடுத்த பதிப்புல சேக்கலாம். எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுக்கவில்லை. அறிக்கையை நேராக அறங்காவலர்களுக்கு அனுப்பினார். அவர்கள் அதை 'உரிய நடவடிக்கைக்கு' என்று குறித்து மேடத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். மறு வாரம் செக்கிங் வாகனப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். அலுவலகத்தின் பின்பக்கம் தகரக் கொட்டகை. டயர், டீசல், எந்த வண்டி எங்கே போகிறது என்ற கணக்கு. இல்லங்களுக்குள் போக அவருக்கு இனி அனுமதி இல்லை. மேடம் கோபப்படவே இல்லை. “உங்களுக்கும் ஓய்வு வேணும்” என்றார்.

அன்று சாயங்காலம் நடந்ததை வீட்டில் சொன்னார். மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். அக்கா கேட்டுவிட்டு, “முதுகப் பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டாள். பார்த்தேன் என்றார். “நான் தெனமும் திருப்பிப் போட்டுப் பாப்பேன். ஒரு சிராய்ப்பு இல்லாம வச்சிருந்தேன்” என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

டீச்சர் அந்த மழைக்காலத்தில் போனார். புண் உள்ளே புரையோடி, ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருந்து முடிந்துவிட்டது. சொந்தம் என்று யாரும் வரவில்லை. உடலை ஆஸ்பத்திரியிலிருந்து மயானத்துக்குக் கொண்டுபோக வண்டி கேட்டு இல்லத்திலிருந்து வாகனப் பிரிவுக்குத்தான் ஃபோன் வந்தது. செக்கிங் வண்டிக்குச் சீட்டு எழுதினார். பிறகு வீட்டுக்கு ஃபோன் போட்டு மனைவியிடம் சொன்னார்: “அக்காவ நம்ம தெரு முனைக்கு வந்து நிக்கச் சொல்லு. வண்டி அந்தப் பக்கமா வரும்.”

அக்கா இல்லத்துக்கோ அதன் ஆட்களிடமோ போகக் கூடாது என்று உத்தரவு இருந்தது. டிரைவருக்கும் அது தெரியும். டீச்சரின் உடலோடும் முன்னால் உட்கார்ந்திருந்த செக்கிங்கோடும் வண்டி முனையில் வந்து நின்றபோது அவன் இறங்கிப் போய், நன்றாக இருந்த டயரை வெகு நேரம் உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா பின்கதவைத் திறந்து ஏறி டீச்சரின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். இறங்கவில்லை. டிரைவர் செக்கிங்கைப் பார்த்தான். “போ” என்றார்.

மயானத்தில் எல்லாம் முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அக்கா அழவில்லை, டீச்சரின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள், போர்வையை இழுத்துக் காலை மூடினாள். திரும்பும்போது டிரைவருக்குப் பின்னால் உள்ள இருக்கையில் இருவரும் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது.

“எனக்கு உங்க மேல கோவம் போயிடுச்சுன்னு நெனச்சுக்காதீங்க” என்றாள்.

“நெனைக்கலக்கா.”

“நீங்க எழுதலேன்னா நான் இன்னைக்கும் நாலு மணிக்கு டம்ளரப் பூட்டிட்டுத்தான் இருந்திருப்பேன். நல்லது பண்றேன்னு நெனச்சுக்கிட்டே பூட்டியிருப்பேன். அது எனக்கும் தெரியுது. தெரிஞ்சதுக்கும் சேத்துத்தான் கோவம்.”

“முழுசா எழுதுனேன்க்கா. பாதிய எடுத்துட்டாங்க.”

“எடுப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?”

அவர் யோசித்தார். பேட்டரித் தொழிற்சாலையில் அவர் எழுதியதிலிருந்து யாரும் ஒரு வரியை எடுத்ததில்லை. எடுத்தால் பேட்டரி வெடிக்கும், வாங்கினவன் வாசலில் வந்து நிற்பான். இங்கே யார் வந்து நிற்பார்கள்? “தெரியல” என்றார். அது உண்மைதான். ஆனால் அதைச் சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அரசு அதிகாரிகளுக்குத் தகவல் போயிருந்தது. அவர்கள் வந்து பார்த்துவிட்டு இரவுக்கு இரண்டு ஆயாக்கள் கட்டாயம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த மாதமே இரண்டாவது ஆயா வந்தாள். நிறுவனத்தின் ஆண்டு மலரில் அவளும் புது வார்டனும் சிரித்தபடி நிற்கும் படம் வந்தது. 'மேம்படுத்தப்பட்ட தணிக்கை முறையின் பலன்' என்று கீழே போட்டிருந்தார்கள். அக்காவுக்கு அதற்குள் ஒரு தனியார் வீட்டில், படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருந்தது. காலையில் போய் இரவில் வருவாள். செக்கிங் மலரைக் கொண்டுவந்து அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த இடத்தில் வைத்தார். அவள் படத்தைப் பார்த்தாள். எழுதியிருந்ததைப் படித்தாளா என்று தெரியவில்லை.

“இந்த ஆயா எப்படிப்பட்டவ? கை பக்குவமானதா?”

“தெரியலக்கா. நான்தான் உள்ள போக முடியாதே.”

“விசாரிச்சுச் சொல்லுங்க.”

மறுநாள் டிரைவரிடம் விசாரித்தார். அவன் வாரம் இரண்டு தடவை அந்த இல்லத்துக்குச் சாமான் இறக்கப் போகிறவன்.

“நல்ல பொண்ணுதான் சார். ஆனா சமையக்காரம்மா நின்னுட்டாங்க இல்ல, பகல்ல சமையலுக்கும் இவளத்தான் போட்டிருக்காங்க. காலைலேந்து அடுப்புல நின்னுட்டு ராத்திரி எப்படி முழிச்சிருப்பா? மூலையில சுருண்டுடறா. எழுப்பவும் மனசு வரலேன்னு பழைய ஆயா சொல்லுது.”

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அக்கா கேட்டாள். செக்கிங் தட்டைப் பார்த்தபடியே, “நல்ல கையாம். எல்லாரையும் திருப்பிப் போட்டு, துணி மாத்தி, ஒழுங்காப் பாத்துக்கறாளாம்” என்றார்.

அக்கா தலையை ஆட்டினாள். இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள்.